ஆழ இறக்கியும் கோவளத்துக் கடலும்

படகு மெல்ல ஓடிக்கொண்டிருக்க, அதன் பின்னே இரை கோத்த தூண்டிலை இழுத்துச் சென்று, விரைந்து நீந்தும் மீன்களைக் கவர்ந்து பிடிக்கும் முறை இழுவைத் தூண்டில் எனப்படும். விசைப்படகுகள் பயன்படுத்தும் இழுவை மடியோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். மடி என்பது கடல்தரையை ஒட்டி இழுக்கப்பட்டு, எதிர்ப்பட்டவற்றையெல்லாம் அள்ளிவரும் பை போன்ற வலையாகும், இழுவைத் தூண்டிலோ ஒரு முள்ளையும் ஓர் இரையையும் மட்டும் நம்பி நிற்பது. வஞ்சிரம், சீலா, பாரை, சூரை, கடல் விரால் ஆகியவை இம்முறையில் சோழமண்டலக் கரையில் அகப்படும் முதன்மையான மீன்களாகும். இவற்றுள் குமரிக் கடற்கரையில் நெய்மீன் என்று வழங்கும் வஞ்சிரமே தூண்டில்காரர்கள் பெரிதும் தேடிச் செல்லும் மீன்.

இம்முறையின் அடிப்படைச் சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. ஓடும் படகின் பின்னே வரும் தூண்டில் நரம்பை நீரின் தடை மேல்நோக்கித் தள்ளுவதால், எவ்வளவு நீளம் விட்டாலும் இரை மேல்மட்ட நீரிலேயே ஓடும். விடியற்காலையில் நெத்திலியும் சாளையும் மேலே திரளும் நேரத்தில் இதுவே போதுமானது. வெயில் ஏறிய பின் மீன்கள் கீழே இறங்கிப் பாரை ஒட்டி நிற்கத் தொடங்கும்போது, மேலே ஓடும் இரையை அவை காண்பதில்லை. (பார் என்பது கடலடிப் பாறைத் திட்டைக் குறிக்கும் மீனவர் சொல்.) நரம்பிலேயே கனமான ஈயத்தைக் கட்டி இரையை ஆழத்திற்கு அனுப்பலாம் என்றாலும், மீன் அகப்பட்ட பின் அந்த ஈயத்தையும் சேர்த்தே இழுக்க வேண்டியிருக்கும், மீன் தலையை உதறும் ஒவ்வொரு முறையும் ஈயத்தின் எடை முள்ளை அசைத்து அசைத்துத் தளர்த்திவிடும். எடையை நரம்பிலிருந்து பிரித்துத் தனியொரு கம்பியில் தொங்கவிட்டு, மீன் கடித்தவுடன் நரம்பு தானாகவே எடையை விட்டு விடுபடும்படி அமைத்த கருவியே டவுன்ரிக்கர். தமிழில் இதை ஆழ இறக்கி என்று அழைப்பது பொருந்தும்.

1966இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் மிச்சிகன் ஏரியில் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்ட பிறகு, வட அமெரிக்கப் பேரேரிகளில் இக்கருவி பரவலாயிற்று. கோடையில் குளிர்நீரைத் தேடி ஆழத்திற்கு இறங்கும் அந்த மீன்களை எட்டுவதற்கு அங்குள்ள தூண்டில்காரர்களுக்கு இதுபோன்ற ஒன்று தேவைப்பட்டது. நன்னீர் ஏரியில் வளர்ந்த கருவி என்பதை வங்கக் கடலில் இதைப் பயன்படுத்துவோர் மறந்துவிடக் கூடாது. கருவியோடு வரும் கையேட்டில் எழுதப்படாத பல செய்திகள் இக்கடலில் இருக்கின்றன, இந்த அத்தியாயம் அவற்றுக்கே மிகுதியாக இடம் தருகிறது.

கருவியின் அமைப்பு

ஆழ இறக்கியில் ஓர் உருளை, அதில் சுற்றிய மெல்லிய கம்பி, கம்பியைப் படகின் விளிம்புக்கு வெளியே தாங்கி நிற்கும் ஒரு கை, நுனியில் தொங்கும் ஈயக்குண்டு, உருளையைத் தடுத்து நிறுத்தும் பிரேக், வெளியே சென்ற கம்பியின் நீளத்தைக் காட்டும் எண்காட்டி ஆகியவை இருக்கும். குண்டு பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ வரை எடையுள்ளது. கம்பி துருப்பிடிக்காத எஃகாகவோ முறுக்கிப் பின்னிய செயற்கை இழையாகவோ இருக்கலாம். எஃகுக் கம்பி வேகம் கூடும்போது நீரில் அதிர்ந்து ஒலி எழுப்பும், பின்னல் இழையில் அந்த அதிர்வு குறைவு, ஆனால் பாரில் உரசினால் விரைவில் அறுபடும். கையால் சுற்றும் வகையும் மின்கலத்தால் இயங்கும் வகையும் கடைகளில் உண்டு. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் கரையிலிருந்தே தள்ளி இறக்கப்படும் ஃபைபர் படகுகளில் மின்கலமும் மின்கம்பிகளும் உப்புநீரில் நனையாமல் காப்பது கடினமாதலால், கையால் சுற்றும் வகையே பொருத்தமானது.

குண்டின் மீது அல்லது அதற்குச் சற்று மேலே கம்பியில் பொருத்தப்படும் சிறு கிளிப்பே இக்கருவியின் உயிர்நிலை. தூண்டில் நரம்பை இரையிலிருந்து 5 முதல் 20 மீட்டர் தொலைவில் இந்தக் கிளிப்பில் செருகி, குண்டோடு சேர்த்துக் கீழே இறக்குவர். மீன் இரையைக் கவ்வி இழுத்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுகொள்ளும். அதன் பின் குண்டு ஒரு பக்கமும் மீன் மறுபக்கமுமாக, தூண்டில்காரர் மீனோடு மட்டுமே போராடுகிறார். கிளிப்பின் பிடி மிகத் தளர்வாக இருந்தால் அலையின் குலுக்கலுக்கே நரம்பு கழன்றுவிடும், மிக இறுக்கமாக இருந்தால் சிறிய மீன் கடித்தது தெரியாமலேயே வெகுதூரம் இழுபடும். கரையில் கையால் இழுத்துப் பார்த்து அந்தப் பிடியைச் சரிசெய்துகொள்வதைவிட, கடலில் அலையின் ஏற்றத்தாழ்வைப் பார்த்துச் சரிசெய்வதே சரியான முறை.

ஃபைபர் படகின் விளிம்பு, இத்தகைய கருவியைத் தாங்குவதற்கென்று வடிக்கப்பட்டதல்ல. 5 கிலோ குண்டு நீரில் இழுபடும்போது அதன் எடையோடு நீரின் தடையும் கையின் நுனியில் சேர்ந்து, அடித்தளத்தை நெம்புகோல்போல் பெயர்க்க முயலும். எனவே விளிம்பின் மேலும் கீழும் தடித்த பலகையோ உலோகத் தகடோ வைத்து, திருகாணிகளை ஊடுருவச் செலுத்தி முடுக்க வேண்டும். வெறுமனே மேலிருந்து திருகப்பட்ட ஆணிகள் ஒரே நாளில் தளர்ந்துவிடுவது இயல்பு. அலை முறியும் இடத்தைக் கடந்து போகும்போதும் திரும்பி வரும்போதும் கருவியைக் கழற்றிப் படகின் உள்தளத்தில் கட்டி வைக்க வேண்டும், குண்டைத் தனியே ஒரு மரப்பெட்டியில் அடக்க வேண்டும். கட்டப்படாத குண்டு ஒரே குலுக்கலில் பாதத்தை நொறுக்கவும் படகின் பக்கச்சுவரை விரிசலிடச் செய்யவும் வல்லது.

எண்காட்டி சொல்வதும் குண்டு நிற்பதும்

எண்காட்டியில் தெரியும் எண்ணை ஆழம் என்று எடுத்துக்கொள்வதே புதியவர் செய்யும் முதன்மையான தவறு. அந்த எண் வெளியே விட்ட கம்பியின் நீளத்தை மட்டுமே சொல்கிறது. படகு ஓடும்போது குண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கம்பி சாய்கிறது. அந்தச் சாய்வு செங்குத்திலிருந்து 20 பாகையாக இருக்குமானால் 30 மீட்டர் கம்பிக்குக் குண்டு ஏறத்தாழ 28 மீட்டரில் நிற்கும், 30 பாகையானால் 26 மீட்டரில், 45 பாகையானால் 21 மீட்டரில் மட்டுமே நிற்கும். பள்ளியில் கற்ற கோசைன் கணக்கே இங்குப் பயன்படுகிறது. ஒரு பழைய கோணமானியை விளிம்பில் ஒட்டி வைத்துக்கொண்டால் சாய்வைப் பார்வையாலேயே படித்துவிடலாம்.

ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. நீரின் தடை கம்பியின் முழு நீளத்திலும் செயல்படுவதால் கம்பி நேர்க்கோடாக நிற்பதில்லை, வளைந்து நிற்கிறது. குண்டுக்கு அருகில் அது செங்குத்துக்கு நெருங்கியும் படகுக்கு அருகில் மிகுதியாகச் சாய்ந்தும் இருக்கும். படகிலிருந்து பார்ப்பவர் காண்பது மேல்முனைச் சாய்வையே என்பதால், கணக்கில் வரும் ஆழத்தைவிடக் குண்டு சற்றுக் கீழேயே நிற்கிறது. நடுநீரில் இந்த வேறுபாடு பெரிதல்ல. பாருக்கு மேலே ஓடும்போது இது குண்டையும் கம்பியையும் இழப்பதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாடாகிவிடும்.

வேகம் குறைந்தால் குண்டு கீழே இறங்கும் என்பதும் இதனோடு சேர்த்து நினைவில் இருத்த வேண்டியது. 30 பாகைச் சாய்வில் 26 மீட்டரில் நின்ற குண்டு, இயந்திரத்தை நிறுத்திய சில நொடிகளில் முழு 30 மீட்டருக்கும் விழும். தரை 28 மீட்டரில் இருந்தால் அது பாறை இடுக்கில் போய் அமரும். ஆகையால் முதலில் குண்டை உயர்த்துவதும் அதன் பிறகே வேகத்தைக் குறைப்பதும் பழக்கமாக வேண்டும். மீன் கடித்த பரபரப்பில் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதாலேயே பெரும்பாலான குண்டுகள் கடலடியில் தங்கிவிடுகின்றன.

எண்காட்டிகள் பெரும்பாலும் அடிக்கணக்கில் அமைந்தவை. கடற்கரையில் ஆழத்தைப் பாகம் என்ற அளவால் சொல்வது மரபு. விரித்த இரு கைகளின் நீளமாகிய ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி, அதாவது 1.8 மீட்டர். கருவியின் எண்ணை ஆறால் வகுத்துப் பாகமாக மாற்றிச் சொல்லப் பழகியவரால்தான் உள்ளூர்ப் படகோட்டியோடு பொருள்பட உரையாட முடியும். ஒரு பாரின் தலை எத்தனை பாகத்தில் இருக்கிறது என்பதை அவர் வரைபடம் பார்க்காமலேயே அறிந்திருப்பார்.

தெண்டியும் வன்னியும்

கோவளத்தை ஒட்டிய பகுதியில் கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து மெல்லச் சரிந்து செல்லும் ஆழம் குறைந்த கடல்தரை, ஏறத்தாழ 40 முதல் 50 கிலோமீட்டர் வரை நீண்டு, 200 மீட்டர் ஆழத்தை ஒட்டிக் கடுஞ்சரிவாக இறங்குகிறது. சிறு படகுகள் ஒரே நாளில் சென்று திரும்பும் பரப்பு முழுவதும் இத்திட்டின் மேலேயே அமைவதால், இங்கு ஆழக்கடல் என்பது பெரும்பாலும் சில பத்து மீட்டரையே குறிக்கும். அறுபது மீட்டர் கம்பி உள்ள எளிய கருவியே இங்குப் போதுமானது. இதைவிட நீளமான கம்பியுள்ள விலை உயர்ந்த கருவிகளுக்கு இக்கரையில் வேலை குறைவு.

இக்கடலில் கருவியைவிட நீரோட்டமே முதலில் கற்கப்பட வேண்டியது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தைச் சென்னைக் கரை மீனவர்கள் தெண்டி என்பர், வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுவதை வன்னி என்பர். இவை இரண்டும், கடலியலாளர் கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் என்று பெயரிட்டிருக்கும், ஏறத்தாழ பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும் ஒரே நீரோட்டத்தின் இரு முகங்களாகும். மீனவர் வைத்த இரு பெயர்களும் ஆய்வாளர் வரைந்த இரு அம்புக்குறிகளும் ஒன்றையே சுட்டுகின்றன. எனினும் மீனவரின் பெயர்கள் அன்றைய நாளில், அந்த இடத்தில் ஓடும் நீரைச் சொல்பவை என்பதால், படகில் இருப்பவருக்கு அவையே கூடுதல் பயன் தருகின்றன.

ஆழ இறக்கியோடு இதற்குள்ள தொடர்பு நேரடியானது. ஜிபிஎஸ் கருவி காட்டுவது நிலத்தைக் கொண்டு அளந்த வேகம்; குண்டைப் பின்னுக்குத் தள்ளுவதோ நீரைக் கொண்டு அளந்த வேகம். மார்ச் மாதத்தில் தெண்டி ஒன்றரை நாட் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்.) வடக்கு நோக்கி, நீரோட்டத்தோடு செல்லும் படகில் ஜிபிஎஸ் 4 நாட் காட்டினால் நீரினூடே அதன் வேகம் இரண்டரை நாட் மட்டுமே, தெற்கு நோக்கித் திரும்பி அதே 4 நாட் எண்ணைப் பிடித்து ஓட்டினால் நீரினூடே வேகம் ஐந்தரை நாட் ஆகிவிடும். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவதால், திரையில் ஒரே எண் தெரியும்போதே குண்டின் மீதான தள்ளுவிசை ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது. வடக்கே போகும்போது பாரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து நின்ற குண்டு, தெற்கே வரும்போது நடுநீருக்கு உயர்ந்துவிடுவது இதனால்தான். ஒரு திசையில் மட்டும் மீன் கடிக்கிறது, மறுதிசையில் கடிப்பதே இல்லை என்று குறைப்படுவோர் தம் இரை இரு திசைகளிலும் ஒரே ஆழத்தில் ஓடியதா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

எனவே திரையின் எண்ணைக் கைவிட்டுக் கம்பியின் சாய்வைப் பிடித்து ஓட்டுவதே நல்ல முறை. எத்திசையில் சென்றாலும் கம்பி ஏறத்தாழ 20 பாகையில் நிற்கும்படி விசையைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால், குண்டின் ஆழமும் இரையின் வேகமும் ஓரளவு நிலையாக இருக்கும். உயிருள்ள அல்லது முழு மீனை இரையாகக் கோத்தால் நீரினூடே 2 முதல் 3 நாட் வேகமும், பொய் இரைக்கு 4 நாட் வரையிலும் பொருந்தும். அதற்கு மேல் வேகம் தேவைப்படும் இரைகளுக்கு ஆழ இறக்கி ஏற்றதல்ல.

அடிநீர் எப்போதும் மேல்நீரோடு ஒத்து ஓடுவதில்லை. பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆற்றுநீர் கலந்த உப்புக் குறைந்த நீர் மேலே ஓர் அடுக்காகப் பரவும்போது, மேலும் கீழும் வெவ்வேறு கடல்கள்போல நடந்துகொள்ளும். தாம்பரம் வேளச்சேரி நெடுஞ்சாலையில் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் நங்கூரமிட்டு வைத்துள்ள மிதவைகளில், 500 மீட்டர் ஆழம் வரை வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் உணரிகள் தொங்குவது இத்தகைய அடுக்குகளை அறிவதற்காகவே. தூண்டில்காரரும் தம் ஒற்றைக் குண்டைக் கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அம்மிதவைகளின் நிழலில் மீன்கள் கூடுவதைக் கண்டு அருகே தூண்டில் இழுப்போரும் அவற்றில் படகைக் கட்டுவோரும் உண்டு. கம்பி சிக்கி ஓர் உணரி அறுபட்டால், புயல் முன்னறிவிப்புக்குச் செல்ல வேண்டிய தரவு நின்றுபோகும், அந்தப் புயலில் கடலில் இருக்கப்போவது மீனவர்களே. மிதவை கண்ணில் பட்டால் விலகிச் செல்வதே கடமை.

பிறர் வலை

கோவளம் முதல் நீலாங்கரை வரையுள்ள கடல், பார்ப்பதற்குத் திறந்த வெளிபோலத் தோன்றினாலும் உண்மையில் பலரது வேலைக்களமாகும். செவுள் வலைகள், அதாவது மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும்படி நீரில் சுவர்போல் விரிக்கப்படும் வலைகள், மேலே சில மிதவைகளும் ஒரு கொடியும் மட்டுமே அடையாளமாக இருக்க, நீளமாகக் கிடக்கும். மேல்மட்டத் தூண்டிலைவிட ஆழ இறக்கி இவ்வலைகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கக்கூடியது, ஏனெனில் கம்பியும் குண்டும் வலையின் உள்ளே புகுந்து கண்ணிகளைக் கிழித்துக்கொண்டே செல்லும். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு சில நொடிகளில் பாழாகும். பொழுதுபோக்குக்காகக் கடலுக்குச் செல்பவர், பிழைப்புக்காகச் செல்பவரின் வலைக்கு எல்லா நிலையிலும் வழிவிட வேண்டும் என்பதில் இந்நூலுக்கு ஐயமில்லை. கிளம்பும் முன்பே ஊர் மீனவரிடம் அன்று எங்கெல்லாம் வலை கிடக்கிறது என்று கேட்டறிவதும், இயலுமானால் அவ்வூர்ப் படகோட்டியையே அமர்த்திச் செல்வதும் சரியான தொடக்கம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், சிறு படகுகளின் வலைகள் கடலில் இருக்கும் என்பதை மனத்தில் கொண்டு அக்காலத்தில் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் குழாய்கள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன, கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. இரண்டையும் விட்டு விலகியே ஓட்ட வேண்டும்.

குண்டு தரையிலோ வலையிலோ சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: உடனே பிரேக்கைத் தளர்த்திக் கம்பியை ஓடவிட்டு, படகைச் சிக்கிய இடத்தை நோக்கி மெல்லத் திருப்புவது. சிக்கிய கம்பி படகின் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்கும் நிலையில் பின்னாலிருந்து அலை வந்தால், நீர் உள்ளே புகுந்து படகு அமிழ்ந்துவிடக்கூடும். எனவே கம்பி வெட்டும் குறடு ஒன்று கயிற்றில் கட்டப்பட்டு, இயக்குபவரின் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் தொங்க வேண்டும். குண்டின் விலை எவ்வளவானாலும் வெட்டத் தயங்கக் கூடாது. உயிர்க்கவசத்தைப் படகில் வைத்திருப்பது போதாது, அணிந்திருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். இடர்நேர்ந்தால் கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை அழைக்கலாம்.

இறக்குவதும் ஏற்றுவதும்

இயந்திரம் மெல்ல ஓடும் நிலையில் இரையை முதலில் நீரில் விட்டு, அது சுழலாமல் நேராக நீந்துகிறதா என்பதைப் பார்த்த பின் நரம்பைக் கிளிப்பில் செருக வேண்டும். வஞ்சிரத்தின் பற்கள் தூண்டில் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடுமாதலால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்காவது எஃகுக் கம்பி இருக்க வேண்டும். குண்டை ஒரேயடியாக விழவிடாமல் பிரேக்கைக் கையில் வைத்துச் சீராக இறக்கினால் நரம்பு கம்பியில் சுற்றிக்கொள்ளாது. வேண்டிய ஆழம் வந்ததும் தூண்டில் கோலை அதன் தாங்கியில் நிறுத்தி, கோல் வில்லாக வளையும்வரை நரம்பை இறுக்க வேண்டும். இந்த வளைவு அழகுக்காக அன்று: மீன் கடித்து நரம்பு கழன்றவுடன் கோல் நிமிர்ந்து, கிளிப்பிலிருந்து விடுபட்டதால் ஏற்படும் தொய்வை எடுத்துக்கொள்கிறது. வளைந்து நின்ற கோல் திடீரென நிமிர்வதே மீன் கடித்ததன் அடையாளம். கோல் நுனி சிறுசிறு துடிப்பாக அசைந்துகொண்டே இருந்தால் சிறிய மீனோ குப்பையோ கிளிப்பை விடுவிக்க முடியாமல் இழுபடுகிறது என்று பொருள்.

கோல் நிமிர்ந்ததும் ஒருவர் அதை எடுத்துத் தொய்வை விரைந்து சுற்ற, மற்றவர் குண்டை மேலே ஏற்ற வேண்டும். அதன் பிறகே ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார். மூவர் இல்லாத படகில் ஆழ இறக்கி வேண்டாம். திரும்பும்போது படகைக் கூர்மையாகத் திருப்பினால் கம்பி உந்தியில் சுற்றிக்கொள்ளும், ஆகவே அகன்ற வளைவில் மட்டுமே திரும்ப வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இக்கரைக்கு வருவதால், நீர்மேல் தலை தெரிந்தால் குண்டை உயர்த்தி விலகுவது நல்லது. பிடிபட்ட வஞ்சிரம் ஏறத்தாழ 70 செ.மீ. நீளத்திற்குக் குறைவாக இருந்தால் அது முதல் முட்டையிடும் பருவத்தை எட்டாததாகவே இருக்கும்; முள்ளை மெதுவாகக் கழற்றி, நீரிலிருந்து தூக்காமலேயே விட்டுவிட வேண்டும்.

கரை சேர்ந்ததும் உருளையையும் பிரேக்கையும் நன்னீரால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கம்பியின் கடைசி இரண்டு மீட்டரை விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்த்து, இழை பிரிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்து, குண்டைப் புதிதாகக் கட்டுவது அடுத்த பயணத்திற்கு முன்பாகச் செய்ய வேண்டிய வேலை. வெட்டிய நீளத்தைக் கணக்கில் கொண்டு, குண்டு நீரைத் தொடும் நிலையில் எண்காட்டியைப் பூச்சியத்திற்குத் திருப்பிவிட வேண்டும்.